பாத் திட்டக் கூட்டம்: மூன்று மீட்டர் காகிதத்தில் கிடைப்பதும் கிடைக்காததும்

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரின் அடுத்த ஆண்டு எப்படி இருக்க வேண்டும் என்று பேசக் கூடும் கூட்டங்களில் பெரும்பாலானவை ஒரு படிவத்தை நிரப்புவதில் தொடங்கி, அதில் கையெழுத்து வாங்குவதோடு முடிகின்றன. ‘பாத்’ (PATH) என்ற திட்டமிடும் முறை அந்த வகையல்ல. சுவரை அடைக்கும் அளவுக்கு ஒரு நீளக் காகிதம், மார்க்கரோடு இரண்டு பேர், எதிரே திட்டத்துக்குரியவரும் அவர் கூப்பிட்டு வந்தவர்களும். ஜாக் பியர்பாயிண்ட், ஜான் ஓ'பிரையன், மார்ஷா ஃபாரஸ்ட் மூவரும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. இன்று பல நாடுகளில் பயிற்சி பெற்றவர்கள் இதை ஒரு சேவையாக நடத்தித் தருகிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது ஓர் அழகான படம்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில், என்ன தருகிறார்கள்? ஒரே அமர்வு, இரண்டு முதல் மூன்று மணி நேரம். ஒருவர் பேச்சை நடத்துவார். இன்னொருவர் வாயைத் திறக்காமல் கேட்டு, கேட்டதைப் படமாகவும் ஓரிரு சொற்களாகவும் வரைவார். இந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வரையத் திரும்பும்போது முகங்களைப் பார்க்க முடியாது. திட்டத்துக்குரியவர் எந்த இடத்தில் முகம் சுளித்தார், எந்தப் பேச்சுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார் என்பதே பாதித் தகவல்.

படிகள் எட்டு. வழக்கமான திட்டங்கள் இன்றிலிருந்து முன்னோக்கி நகரும்; இது எதிர்முனையில் தொடங்குகிறது. காகிதத்தின் வலது ஓரத்தில் துருவ நட்சத்திரம், அதாவது கனவு: இவருக்கு நல்ல வாழ்க்கை என்றால் அதில் என்னென்ன இருக்கும்? அதற்கு இடப்பக்கத்தில் ஓராண்டுக்குப் பிந்தைய ஒரு நாள்: ஆண்டு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, நடந்தவற்றை இறந்தகாலத்தில் சொல்ல வேண்டும். பிறகு ஒரே தாவலில் இடது ஓரம்: இப்போது நிலைமை என்ன? நான்காவது, யாரையெல்லாம் சேர்த்துக்கொள்வது. ஐந்தாவது, இவர்கள் எல்லோரும் தளராமல் இருக்க என்ன தேவை. ஆறாவது, அடுத்த சில மாதங்களின் வேலை. ஏழாவது, அடுத்த மாதத்தின் வேலை. எட்டாவது, முதல் அடி.

இதில் தங்கம் என்று சொல்லத்தக்கது இரண்டாம் படியின் இறந்தகாலம். “சமூகத்தோடு இணைந்து வாழ்வார்” என்று எதிர்காலத்தில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். இறந்தகாலத்தில் சொல்லச் சொன்னால் உடனே கேள்வி முளைக்கிறது: எங்கே இணைந்தார், எந்தக் கிழமை, யாரோடு? “செவ்வாய்க்கிழமை மாலைகளில் பூப்பந்துச் சங்கத்தில் ஸ்கோர் எழுதினார், ஆண்டு விழாவுக்கு அவரையும் கூப்பிட்டார்கள்” என்பது போன்ற ஒரு வரி வரும்வரை நடத்துபவர் விடக்கூடாது. நல்ல நடத்துபவர் இங்கேதான் ஒரு மணி நேரம் செலவழிப்பார். மோசமானவர் கனவுப் படியில் எல்லோரையும் நெகிழவைத்துவிட்டு, இதைப் பத்து நிமிடத்தில் தாண்டிவிடுவார்.

கனவுப் படியிலேயே தவறுகள் தொடங்கிவிடுகின்றன. “விமானி ஆக வேண்டும்” என்கிறார் ஒருவர். அறையில் சிரிப்பு, அல்லது அதைவிட மோசமாக, “விமான நிலையத்தைச் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போகலாம்” என்று எழுதிக்கொள்வது. சுற்றிப்பார்ப்பவர் வேடிக்கை பார்க்கும் ஆள். அவர் கேட்டது அதுவல்ல. விமானியிடம் எது பிடித்திருக்கிறது என்று தோண்ட வேண்டும். சீருடையா, எல்லோரும் மரியாதையாக வணக்கம் சொல்வதா, இயந்திரமா, வீட்டைவிட்டு வெளியே போவதா? சீருடையும் மரியாதையும்தான் என்றால் தேட வேண்டிய இடங்கள் ஒரு வகை. இயந்திரம் என்றால் முற்றிலும் வேறு வகை.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர், கேட்பவர் மனம் கோணாமல் இருக்க எதற்கும் ‘ஆமாம்’ சொல்லிப் பழகியவர்கள். “தோட்டவேலை பிடிக்குமா?” என்றால் ஆமாம். “தோட்டவேலை பிடிக்காதுதானே?” என்றாலும் ஆமாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கடைசியாகக் காதில் விழுந்ததைச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஆகவே படங்களை வைத்து, வரிசையை மாற்றி, வேறொரு நாளில் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். பேச்சு இல்லாதவர் என்றால், கூட்டத்துக்கு முந்தைய சில வாரங்களில் அவரை வெவ்வேறு நேரங்களில், வெவ்வேறு இடங்களில் பார்த்திருக்க வேண்டும்: எங்கே அதிக நேரம் நிற்கிறார், எங்கிருந்து கிளம்பப் பார்க்கிறார், யார் பக்கத்தில் உடம்பு தளர்கிறது? இந்த முன்வேலை கட்டணத்தில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சேராது. சேராவிட்டால், குடும்பத்தினரோ அவரை நெருங்கி அறிந்த பணியாளரோ செய்தாக வேண்டும். இல்லையென்றால் சுவரில் ஏறுவது அம்மாவின் கனவாகவோ பணியாளரின் கனவாகவோ இருக்கும். காகிதத்தில் எழுதியிருப்பதோ அவர் பெயர்.

நான்காம் படிக்கு முன்பு ‘உறவு வட்டங்கள்’ படம் ஒன்று போட்டுவிடுவது நல்லது. பாத்தில் இது கட்டாயமில்லை. ஆனால் பாத்தை உருவாக்கிய அதே குழுவினர் பயன்படுத்தும் துணைக்கருவி. நடுவில் அவர் பெயர். முதல் வட்டத்தில் உயிருக்கு உயிரானவர்கள், இரண்டாவதில் நண்பர்கள், மூன்றாவதில் சங்கம், வழிபாட்டிடம், விளையாட்டு, வேலை போன்றவற்றின் வழியே தெரிந்தவர்கள், நான்காவதில் சம்பளம் வாங்கிக்கொண்டு வருபவர்கள். கால்மணி நேர வேலை. பெரும்பாலும் முதல் வட்டத்தில் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும்; நான்காவதில் இடமே போதாது; இரண்டும் மூன்றும் வெறிச்சென்று கிடக்கும். எல்லோரும் “இவருக்கு நண்பர்கள் வேண்டும்” என்று இரண்டாம் வட்டத்தைக் காட்டுவார்கள். நட்பை நேரடியாக ஏற்பாடு செய்ய முடியாது. மூன்றாம் வட்டத்தை நிரப்பினால், அதிலிருந்து ஓரிருவர் தாமாகவே உள்ளே நகர்வார்கள். திட்டத்தின் உழைப்பு முழுவதும் மூன்றாம் வட்டத்தில் விழ வேண்டும். கூட்டத்துக்கு வருபவர்களிலும் உறவினரோ சம்பளக்காரரோ அல்லாத இரண்டு பேராவது இருக்கட்டும். அவர்கள்தான் “எங்கள் நாடகக் குழுவில் திரை இழுக்க ஆள் இல்லை” என்று சொல்லக்கூடியவர்கள். பணியாளர்களுக்கு அந்த உலகம் தெரியாது.

இப்போது பாத்தின் பெரிய ஓட்டைக்கு வருவோம். கனவைக் கேட்கிறது, இலக்கைக் கேட்கிறது, ஆனால் “அங்கே இவர் யாராக இருப்பார்?” என்று எந்தப் படியிலும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைக் கையில் கொடுத்தவர் அறிவுசார் குறைபாட்டுத் துறை அறிஞர் வோல்ஃப் வோல்ஃபென்ஸ்பெர்கர். 1983இல் அவர் முன்வைத்த ‘சமூகப் பங்கு மதிப்பேற்றம்’ என்ற கோட்பாட்டின் சாரம் எளிது: மதிப்புள்ள பங்கு வகிப்பவருக்கு மரியாதை, உறவு, வாய்ப்பு போன்ற வாழ்வின் நல்லவை வந்துசேரும், மதிப்பற்ற பங்கில் தள்ளப்பட்டவருக்குக் கதவுகள் மூடும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள்மேல் காலங்காலமாகச் சுமத்தப்பட்ட பங்குகளையும் அவர் பட்டியலிட்டார்: வளராத குழந்தை, பரிதாபத்துக்குரியவர், நோயாளி, கேலிப்பொருள், சுமை, ஆபத்தானவர். பாத்தை வடிவமைத்த ஓ'பிரையனும் 1980களிலேயே, ஓரிடத்தில் இருப்பது வேறு, அங்கே பங்கேற்பது வேறு என்று பிரித்துக் காட்டியவர்தான். ஆனாலும் எட்டுப் படிகளில் அது தனிக்கேள்வியாக இடம்பெறவில்லை.

அதனால் இரண்டாம் படியில் ஒவ்வொரு வரிக்கும் இதைச் சேர்த்துக் கேளுங்கள். “நூலகத்துக்குப் போனார்” என்பது நடவடிக்கை. “நூலகத்தில் செய்தித்தாள்களைக் காலையில் சட்டத்தில் கோத்து வைப்பவர்” என்பது பங்கு. வித்தியாசம் கண்டுபிடிக்கச் சில சோதனைகள் போதும். அந்தப் பங்குக்கு ஒரு பெயர் இருக்கிறதா, மற்றவர்கள் அந்தப் பெயரால் அவரைக் குறிப்பிடுவார்களா? குறைபாடு இல்லாதவர்களும் அதே பங்கை வகிக்கிறார்களா? ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் வாங்காத யாராவது “ஏன் வரவில்லை?” என்று கேட்பார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்றால் அது இன்னும் வெளியே கூட்டிப்போய்வருவதுதான். ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. அதன் 19ஆம் பிரிவு சமூகத்தில் வாழும் உரிமையையும் அதில் முழுமையாகச் சேர்ந்து பங்கேற்பதையும் பேசுகிறது. சேவை நிறுவனங்களின் அறிக்கைகளில் அந்தப் பிரிவுக்கு நேரே வாராந்தர வேன் பயணங்களின் எண்ணிக்கையை எழுதிவைப்பது பொதுவான பழக்கம். ஆறு பேரை ஒரே வேனில் ஏற்றிக் கடைவீதியில் இறக்கிவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு கும்பலும் ஒரு மேய்ப்பரும்தான்.

பங்கு தேடும் இடத்துக்கும் லட்சணம் உண்டு. அதே ஆட்கள் அதே நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் இடம் வேண்டும். அங்காடி வளாகமும் பூங்காவும் பொதுவாக உதவாது. வாரம் ஒருமுறை கூடும் இருபது முப்பது பேர் கொண்ட குழு நன்றாக உதவும். செய்ய ஆள் கிடைக்காத சின்ன வேலைகள் அங்கே இருக்க வேண்டும்: வருகை எழுதுவது, கருவிகளை எடுத்து வைப்பது, புதிதாக வருபவரை வரவேற்பது. ஒருவர் மட்டுமே போக வேண்டும், அங்கே மற்றவர்கள் உடுத்துவது போல உடுத்திக்கொண்டு, அவர்கள் வரும் நேரத்திலேயே. சீக்கிரம் வந்து சீக்கிரம் கிளம்புபவருக்குப் பேச்சுத்துணை கிடைக்காது, ஏனென்றால் பேச்சு நடப்பது முடிந்தபிறகு வாசலில்தான்.

கூட வரும் பணியாளர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், கேள்விகள் அவரிடமே வரும்: “இவருக்குத் தேநீரா, காபியா?” இரண்டடி பின்னால் நின்று, கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் திட்டத்துக்குரியவரைப் பார்க்க வேண்டும். கேட்டவரின் கண்ணும் அங்கே போகும். சில வாரங்கள் கழித்து அறையின் மறுகோடி, பிறகு வாசல், பிறகு தொலைபேசி அழைப்புக்கு எட்டும் தூரம். விலகுவதற்கு முன் குழுவில் இருக்கும் ஒருவருக்கு அவருடைய விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: சத்தம் கூடினால் வெளியே போவார், பின்னால் போக வேண்டாம், தானாகத் திரும்பி வருவார் என்பது போன்றவை. இதைச் செய்யாமல் பணியாளர் வேலையை விட்டுப் போனால், அவர் வழியே வந்த பழக்கங்களும் அவரோடு போய்விடும். இந்தத் துறையில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள் என்பதால் அப்படிப் போகும் என்றே கணக்கிட்டுத் திட்டம் போட வேண்டும்.

“அவரால் அந்த வேலை முடியாது” என்ற பேச்சு ஐந்தாம் படியில் நிச்சயம் எழும். 1972இல் வெளியான ஆய்வில் மார்க் கோல்ட், பாதுகாப்புப் பட்டறைகளில் (குறைபாடு உள்ளவர்களுக்கென்றே தனியாக நடத்தப்படும் வேலைக்கூடங்களில்) இருந்த 64 பேருக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். ஏறத்தாழ எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். வேலையைக் கூறுபோட்டதும், வாய்ப்பேச்சைக் குறைத்ததும்தான் அவர் வழி. இசைக்குழு ஒத்திகைக்கு நாற்காலி போடுபவர் என்ற பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சாவி வாங்குவது, விளக்கைப் போடுவது, அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுப்பது, தரையில் ஒட்டிய நாடாக் குறியில் அதன் முன்கால்களை வைப்பது, குறிகள் தீரும்வரை திரும்பச் செய்வது, கடைசியில் தாள்தாங்கிகளைக் கொண்டுவருவது. எண்ணத் தெரியாதது இங்கே தடையே இல்லை. குறி எத்தனையோ நாற்காலி அத்தனை. முதலில் கைபிடித்துக் காட்டலாம், பிறகு சுட்டலாம், பிறகு சில நொடிகள் சும்மா காத்திருக்கலாம். “இப்போது என்ன? அடுத்தது? சபாஷ்!” என்று வாய் ஓயாமல் பேசினால் அந்தக் குரல்தான் அவருக்கு அடுத்த படியின் அடையாளம் ஆகிவிடும், குரல் இல்லாத நாளில் நாற்காலியைப் பிடித்தபடி நின்றுவிடுவார். சொல் உதவியை விலக்குவது மற்ற எல்லா உதவிகளையும் விலக்குவதைவிடக் கடினம். திரும்பத் திரும்ப ஒரே படியில் தடுமாறினால் ஆளைக் குறைசொல்லாமல் அந்தப் படியை இரண்டாக உடையுங்கள், அல்லது பொருளை மாற்றுங்கள்.

கெட்டுப்போகும் பங்குகளும் உண்டு. நாற்பது வயதுக்காரரைக் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவது, எல்லா நிகழ்ச்சியிலும் மேடையேற்றிக் கைதட்டுவது. இவை வளராத குழந்தை என்ற பழைய பங்கின் புது உடுப்பு. இன்னொன்று, மற்றவர்கள் சம்பளம் வாங்கும் வேலையை இவர் மட்டும் ‘தன்னார்வலராக’ ஆண்டுக்கணக்கில் செய்வது. பக்கத்தில் நின்று அதே வேலை செய்பவருக்குச் சம்பளம் என்றால் இவருக்கும் சம்பளம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

ஆறாம், ஏழாம் படிகளில் இரண்டு விஷயங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்: போக்குவரத்து, வேலை நேரம். குழுக்கள் கூடுவது மாலையிலும் வார இறுதியிலும். பணியாளர்களின் முறைநேரம் முடிவது பெரும்பாலும் அதற்கு முன்பே. கூட்டிப்போக ஆள் இருந்து திரும்பக் கூட்டிவர ஆள் இல்லாததால் நின்றுபோகும் திட்டங்களுக்குக் கணக்கில்லை. குழுவில் அதே வழியாகப் போகும் ஒருவரின் வண்டியில் ஏறிக்கொள்வதுதான் சிறந்த தீர்வு. மூன்றாம் வட்டம் நிரம்புவதும் அந்த வண்டிப் பயணங்களில்தான்.

எட்டாம் படியில் “விசாரிக்கிறோம்”, “முயற்சி செய்கிறோம்” என்ற சொற்கள் வந்தால் அழிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பெயர், ஒரு செயல், ஒரு வாரத்துக்குள் ஒரு தேதி, அந்தத் தேதியில் “செய்தாயா?” என்று கேட்கப்போகும் இன்னொருவர் பெயர். இவ்வளவும் வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிந்தைய மறுகூட்டத்தின் தேதியையும் கலைவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காகிதம் அலமாரி மேலே போய்விடும்.

எல்லோருக்கும் ஏற்றதல்ல இது. பலர் நடுவில் தன்னைப் பற்றியே பேசுவது சிலருக்குத் தாங்காது. அவர்களுக்கு மூன்று நான்கு பேர் கொண்ட சிறு அமர்வுகளாகப் பிரிக்கலாம், அல்லது அறைக்குள் வந்துபோக முழுச் சுதந்திரம் தரலாம். வீடு பறிபோகும் நிலை, கடும் உடல்நலச் சிக்கல், குடும்பத்துக்குள் வழக்கு என்று நெருக்கடி நடுவில் இருக்கும்போது நட்சத்திரம் வரையக் கூப்பிடுவது கொடுமை. அதை முதலில் தீருங்கள். ஒருவரைப் பற்றிச் சுற்றியுள்ளவர்களுக்கே அதிகம் தெரியாது என்றால் பாத்துக்கு முன்பு ‘மேப்ஸ்’ செய்வது மேல். 1980களில் கனடாவில் உருவான அந்த முறை, வாழ்க்கை வரலாறு, கனவு, அச்சம், அவர் யார், அவருடைய கொடைகள் எவை, என்ன தேவை என்று வரிசையாகக் கேட்கும். மெதுவானது, செயல்திட்டத்தில் பாத் அளவுக்குக் கறாரில்லை. அச்சக் கேள்வியில் பெற்றோர் உடைந்து அழுவதுண்டு. அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவும் நடத்துபவரிடம் அதைக் கொடுக்க வேண்டாம்.

நடத்துபவரை அமர்த்துமுன் கேட்க வேண்டியவை சில. அவர் சேவை நிறுவனத்தின் மேலாளரா? ஆமென்றால் கனவு அந்த நிறுவனத்தின் அட்டவணைக்குள் சுருங்கிவிடும், வெளியாள் நல்லது. திட்டத்துக்குரியவர் அன்று காலை “வேண்டாம்” என்றால் கூட்டத்தை ஒத்திவைப்பாரா? மறுகூட்டத்துக்கு அவரே வருவாரா, அதற்குத் தனிக் கட்டணமா? காகிதம் யாருடையது? அசல் திட்டத்துக்குரியவரின் வீட்டுக்குப் போக வேண்டும். அலுவலகத்துக்குப் புகைப்படம் போதும், அதுவும் அவரைக் கேட்டபிறகு. பயிற்சிக்கு வருபவர்களிடம் காட்டவோ இணையத்தில் போடவோ அந்தப் படத்தைப் பயன்படுத்துவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.